செவ்வரக்குக் கூஜாவின் எடை

மில்லிக்கன்
16 பெப்ரவரி 2025

அன்புள்ள தங்கச்சி குணவதிக்கு,

செவ்வரக்குக் கூஜா வெள்ளிக்கிழமை பின்னேரம், இரண்டு ஊருக்கும் ஆட்களும் சாமானும் ஏற்றி ஓடுகிற ஜஸ்ரினின் வானில் வந்து சேர்ந்தது. நிறுத்துப் பார்த்தேன். நாற்பத்தாறு கிராம் குறைகிறது.

நானும் உன் அண்ணியும் சுகம். அவவுக்கு முழங்கால் மட்டும் பனிக்குப் பிடித்துக்கொள்கிறது. உன்னுடைய பிரஷர் எப்படி, குளிசையை நேரத்துக்குப் போடுகிறாயா? இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாம். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், பிறகு யார் என்ன சொன்னது என்பதற்குச் சாட்சி இருக்காது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் அனுப்பு. ஜஸ்ரின் ஞாயிறு மொன்றியலுக்குப் போகிறான், வெள்ளி திரும்புகிறான். தபாலை விட வேகம்.

என் வழக்கம் உனக்குத் தெரியும். பழைய செம்பும் பித்தளையும் வாங்கி விற்ற காலத்திலிருந்தே எந்தச் சாமான் கடைக்குள் வந்தாலும் முதலில் தராசு, பிறகுதான் கண். நவராத்திரி முடிந்து நீ இங்கிருந்து அதைக் கொண்டுபோன அன்று, ஒக்ரோபர் 13ஆம் தேதி, கூஜா 2,184 கிராம். இப்போது 2,138. அடிப்பக்கத்தில் தலைமயிர் போல இரண்டு வெடிப்பு. அப்போது அவை இல்லை.

நாலு மாதமும் அது எங்கே இருந்தது? வேறு யாராவது கையில் எடுத்தார்களா? திருத்துவதற்கென்று எவரிடமாவது கொடுத்தாயா? ஒளிக்காமல் எழுது. ஆரோக்கியமாக இரு.

அண்ணன்,
தியாகலிங்கம்


மொன்றியல்
20 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

கடவுள் புண்ணியத்தில் இருக்கிறேன். பிரஷர் நூற்று முப்பதில் நிற்கிறது. அண்ணியின் முழங்காலுக்கு நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி ஒரு போத்தல் ஜஸ்ரினிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். சூடாக்கித் தடவச் சொல்லுங்கோ.

கூஜா என் படுக்கையறை அலுமாரிக்கு மேலேதான் இருந்தது. அதற்குக் கீழே சுவரோரத்து ஹீற்றர். இந்த முறை குளிர் கூட, ஹீற்றரை நிற்பாட்டவே இல்லை. வெடிப்பு அதனால் வந்திருக்கும். உள்ளே மரம்தானே. யாரிடமும் திருத்தக் கொடுக்கவில்லை. மாற்றவும் இல்லை. அந்தச் சொல்லை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதைத்தான் கேட்கிறீர்கள் என்று விளங்குகிறது.

தராசுக்கும் எங்களைப் போல வயது போயிருக்கும். ஒருக்கால் சரி பாருங்கோ.

இங்கே பனி ஜன்னல் வரைக்கும் கிடக்கிறது. கடையில் பழைய தையல் மெசின்கள் இன்னும் வாங்குகிறீர்களா?

உங்கள் சுகத்துக்கு நேர்ந்துகொள்ளும்,
குணவதி


மில்லிக்கன்
2 மார்ச் 2025

அன்புள்ள குணவதிக்கு,

எண்ணெய் கிடைத்தது. அண்ணி இப்போது படி ஏறுகிறா. உன்னுடைய பிரஷர் இன்னும் இறங்க வேண்டும். உப்பைக் குறை.

தையல் மெசின் இந்தக் காலத்தில் யாரும் கேட்பதில்லை.

தராசைச் சரி பார்த்தேன். ஒரு கிலோ படிக்கல் புதிதாக வாங்கி வைத்தேன். ஆயிரம் என்றுதான் காட்டியது. பிறகு ஒக்ரோபரில் எடுத்த படங்களைப் பெரிதாக்கி, பக்கத்தில் கூஜாவை வைத்து, பூதக் கண்ணாடியால் செதுக்கிய பூக்களை இதழ் இதழாகப் பார்த்தேன். இரண்டாவது பித்தளை வளையத்துக்குக் கீழே ஒரு பூவில் நுனி உடைந்த இதழ் இருந்தது. அதே இடத்தில் அப்படியே இருக்கிறது. ஆக, ஆள் மாறவில்லை. மெலிந்திருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரு வீட்டைக் காலி பண்ணி எடுத்தபோது வந்த இந்தச் சாமானில் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். வேலைப்பாடு சீனம், உருவம் சீனமில்லை. ஒரு அடி உயரம், குழாய் மாதிரி நேராக நிற்கிறது, வாயின் ஒரு பக்கம் மட்டும் தொப்பி விளிம்பு போல எழும்பி நிற்கிறது. எங்கள் கடை இருக்கிற பிளாசாவில் மோமோ கடை வைத்திருக்கும் திபெத்துக்காரர் பார்த்தவுடன் சிரித்தார். தன் தாய் வெண்ணெய்த் தேநீர் கடைகிற மரக்குழாய் இதே உருவம்தான், ஆனால் இவ்வளவு சோடனை இல்லை என்றார். தேடிப் படித்தேன். திபெத்து லாமாக்களோடு உறவு வைத்திருந்த சீன அரசர்கள் அந்த உருவத்தை எடுத்து, மரத்தின் மேல் சிவப்பு அரக்குப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, அப்படிப் பல பத்துத் தரம் பூசித் தடிப்பாக்கிச் செதுக்குவித்தார்களாம். இப்போது பிளாஸ்ரிக்கில் அச்சு வார்த்தும் வருகிறது. நான் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி அடியில் குத்திப் பார்த்தவன். உருகவில்லை. பிளாஸ்ரிக் இல்லை.

உன்னிடம் ஏன் கொடுத்துவிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். போன கோடையில் ஒரு சீனக் கிழவி மூன்று முறை கடைக்கு வந்தா. உருட்டித் தள்ளுகிற நடைவண்டி, அதன் காலில் மஞ்சள் ரெனிஸ் பந்து செருகியிருந்தது. வேறொன்றையும் பார்க்கவில்லை. கூஜாவைக் காட்டிக் காட்டிச் சீனத்தில் ஏதோ சொன்னா. விற்பதற்கில்லை என்று கையை ஆட்டினேன். மூன்றாம் முறை அரை மணித்தியாலம் அப்படியே நின்றா. ஒரே சாமானுக்கு மூன்று முறை வருகிறவருக்கு அதன் விலை தெரியும். யாரோ பெரிய வியாபாரி அனுப்பிய ஆள் என்று பட்டது. அவர்கள் கண்ணிலிருந்து மறைக்கத்தான் உன் அலுமாரிக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 2ஆம் தேதி நகரத்தில் ஏலக்காரரிடம் கொண்டுபோக வேண்டும். என்னிடம் வந்த நாளிலிருந்து மாற்றமில்லை என்று கையெழுத்து வைக்க வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் என் கையெழுத்தை ஒருவரும் திருப்பி அனுப்பியதில்லை. நாற்பத்தாறு கிராமுக்குக் காரணம் தெரியாமல் அதை எப்படி வைப்பேன்? தங்கச்சி, நான் உன்னை நம்புவதா, தராசை நம்புவதா?

குளிருக்கு வெளியில் போகாதே.

தியாகலிங்கம்


மில்லிக்கன்
23 மார்ச் 2025

குணவதிக்கு,

நலமாக இருக்கிறாய் என்றுதான் நினைக்கிறேன். மூன்று வெள்ளிக்கிழமை ஜஸ்ரின் வெறுங்கையோடு வந்தான்.

முதலில் அவனைத்தான் பிடித்தேன். "தம்பி, வழியில பெட்டி திறந்ததோ?" என்று கேட்டேன்.

"அண்ணை, நான் கருவாடு கொண்டு போறன், பலகாரம் கொண்டு போறன், ஆக்களின்ர மாமிமாரையும் கொண்டு போறன். ஒண்டையும் திறந்து பாக்கிறேல்லை," என்றான். பிறகு சாதாரணமாகச் சொன்னான்: "உங்கட தங்கச்சி குணமக்கா வந்தநேரமே இதைக் கேட்டிருக்கலாமே."

"எப்ப வந்தநேரம்?"

"ஜனவரி மாசம். இருபத்தி நாலாம் திகதி வெள்ளி. ஸ்டீல்ஸ் பிளாசாவில இறக்கி விட்டனான். ஞாயிறு திருப்பி ஏத்தினனான். ஏன், வீட்டை வரேல்லையோ?"

"ஓம் ஓம், வந்தவ. மறந்து போனன்," என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வானின் கதவைச் சாத்தினான். நம்பவில்லை. ஒரு பொய்யை விற்க முடியாமல் நான் நின்றது இதுதான் முதல் தடவை.

என் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இறங்கியிருக்கிறாய். இரண்டு நாள் இந்த ஊரில் இருந்திருக்கிறாய். அண்ணிக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் முழங்கால் நோவை விட அது கூட நோகும். யாரைப் பார்க்க வந்தாய்? கையில் என்ன கொண்டுவந்தாய்?

தியாகலிங்கம்


மொன்றியல்
27 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டும்.

ஓம், வந்தேன். டோர்செட் பார்க்கில் கோணேஸ்வரியிடம் தங்கினேன், முன்பு என்னோடு தைத்தவ. உங்கள் வாசலைக் கடந்துதான் பஸ் போனது. மேல் அறையில் விளக்கு எரிந்தது. நான் இறங்கவில்லை.

உங்களுடைய பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கூஜா இருந்த வீட்டை நீங்கள் காலி செய்து எடுத்தபோது வீட்டுக்காரியைக் கண்டீர்களா?

குணவதி


மில்லிக்கன்
6 ஏப்ரல் 2025

குணவதிக்கு,

அண்ணி சுகம். நான் சுகமில்லை. நித்திரை குறைந்துவிட்டது.

வீட்டுக்காரியைக் காணவில்லை. மகன் நின்றான். லோ என்று பெயர். ஸ்டீல்ஸ் தெருவுக்கு வடக்கே நாலு அறை வீடு. உள்ளே இருப்பதெல்லாம் சேர்த்து ஒரு விலை பேசினோம், கையெழுத்து வைத்தான், சாவியைத் தந்தான். தாயைப் பற்றி நான் கேட்கவில்லை. வீடு காலி பண்ணுகிறவன் குடும்பக் கதை கேட்டால் சாமான் ஏற்ற முடியாது.

இனி நடந்ததைக் கேள். புதன்கிழமை ஏலக்காரரிடம் போனேன். கெட்டிக்காரப் பெண். அரக்கு உண்மையானது, அரண்மனை வேலை இல்லை, நூறு வருடத்துக்கு உட்பட்டது, மூவாயிரம் நாலாயிரம் போகலாம் என்றா. பிறகு, மூடியைத் திறக்கலாமா என்று கேட்டா. அது இறுகிப்போனது, நான் வாங்கிய நாளிலிருந்தே திறக்காது, நெம்பினால் விளிம்பு உதிரும் என்று அதைத் தொடாமலே வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவ இரண்டு விரலால் திருப்பினா. கழன்று வந்துவிட்டது.

என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். மெழுகுபோல ஏதோ தடவி அமத்தி மூடியிருந்தாய். உள்ளே மர நாரில் மஞ்சள் பட்டு நூல் ஒரு துண்டு. பூச்சி உருண்டை வாசம். அடியில் தூசி படாத வட்டமான தடம். நான் கையெழுத்து வைக்கவில்லை. கூஜாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வட்டமாக நாற்பத்தாறு கிராமில் ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. நீ எடுத்திருக்கிறாய். ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது: வீட்டுக்குள் உள்ளது எனக்கு, பெட்டிக்குள் உள்ளதும் எனக்கு. பூட்டு இருந்தால் பூட்டோடு எனக்கு. நீ அதை விற்றிருந்தால் யாருக்கு என்று எழுது. வைத்திருந்தால் அனுப்பு. பாதி உனக்குத் தருகிறேன். கேட்டிருந்தால் முழுவதும் தந்திருப்பேன்.

தியாகலிங்கம்


மொன்றியல்
10 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களுக்கு நித்திரை இல்லை என்று வாசித்தபின் எனக்கும் இல்லை. முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

மார்கழி நடுவில் அலுமாரிக்கு மேலே தூசி தட்டினேன். மூடி தானாகக் கையோடு வந்தது. ஹீற்றர் சூட்டில் மரம் சுருங்கியிருக்கும். உள்ளே மஞ்சள் பட்டில் இறுக்கிச் சுற்றிய பொதி. பச்சைக்கல் காப்பு ஒன்று. கூட ஒரு கடதாசி, சீன எழுத்து, அடியில் போன் நம்பர். கீழ் வீட்டுச் சீனப் பிள்ளையிடம் காட்டினேன். "எனக்குப் பிறகு இது பேத்தி சியூலானுக்கு, என் மகனுக்கு அல்ல" என்று எழுதியிருக்கிறதாம்.

அந்த நம்பருக்கு எடுத்தேன். சியூலான்தான் எடுத்தாள், வேறு ஊரில் படிக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்பம்மா உயிரோடு இருக்கிறா, மில்லிக்கனுக்குக் கிட்ட முதியோர் விடுதியில் என்றாள். அதுதான் வந்தேன். காப்பைக் கையில் கொடுத்தேன். அவ அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டா. பிறகு இரண்டு கையாலும் காற்றில் ஒரு உருவம் காட்டினா. நேரான குழாய், ஒரு பக்கம் எழும்பின விளிம்பு. கூஜா எங்கே என்று கேட்கிறா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். காப்பு அவவுடையது, கொடுத்தேன். கூஜா உங்களுடையது, உங்களுக்கு அனுப்பினேன்.

அவவுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நடைவண்டி நின்றது. காலில் மஞ்சள் ரெனிஸ் பந்து. அப்போது எனக்கு அது ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தில் வாசித்த பிறகுதான் கடைக்கு மூன்று முறை வந்தது அவ என்று விளங்கியது, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மூன்று கிழமை எழுதாமல் இருந்தேன்.

உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 2007இல் வோபர்னில் ஒரு வீட்டில் தையல் மெசின் வாங்கினீர்கள். மெசினின் இழுப்பு லாச்சிக்குள் தாலிக்கொடி இருந்தது. மெசினை விற்ற பெண் அதைக் கேட்டு இரண்டு தரம் கடை வாசலுக்கு வந்தா. "மெசினோட லாச்சியும் சேர்த்துத்தானே வித்தனீங்கள், பிள்ளை" என்று சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். நான் அப்போது உங்கள் கவுண்டரில் நின்றேன். நீங்கள் மறந்திருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்திருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டும். அது எனக்கு வராது. அதனால் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

மருந்து போடாமல் விடாதீர்கள்.

குணவதி


மொன்றியல்
24 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

புதுவருஷத்துக்கும் உங்கள் குரல் வரவில்லை. அண்ணி மட்டும் எடுத்தா, கைவிசேஷக் காசு அனுப்புவதாகச் சொன்னா, உங்களைக் கேட்டதற்குக் கடையில் என்றா. காலை ஆறரை மணி. கடை பத்துக்குத்தானே.

இரண்டு வான் போய்விட்டது. கோபமென்றால் கோபத்தையாவது எழுதுங்கோ.

குணவதி


மில்லிக்கன்
11 மே 2025

அன்புள்ள தங்கச்சி குணவதிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். பனி போய்விட்டது, அண்ணி பின்வளவில் கீரை போட்டிருக்கிறா. உன் பிரஷர் என்ன காட்டுகிறது என்று அடுத்ததில் எழுது.

காலை ஆறரைக்குக் கடையில் நான் பழைய ரசீதுப் புத்தகங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். 2006 இருக்கிறது, 2008 இருக்கிறது. நடுவில் உள்ளது இல்லை. வோபர்ன் பெண்ணின் பெயர் எனக்கு நினைவில்லை. முகம் நினைவிருக்கிறது.

புதன்கிழமை விடுதிக்குப் போனேன். கூஜாவைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்தேன், சின்னத் தராசைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நீ எழுதியதை நம்பவில்லை என்று இல்லை. பார்த்துவிட்டு நம்பினால் நல்லது என்று.

சியூலான் லீவில் வந்து நின்றாள். என்னைக் கண்டதும் கிழவி ஏதோ சொன்னா, பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னவாம் என்று கேட்டேன். "கதிரை தராத கடைக்காரன் வந்திட்டான்" என்கிறாவாம். அவ மூன்று முறையும் நின்றபடியே நின்றது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் அன்றைக்கு நாற்பது கதிரை விலைக்குக் கிடந்தது.

கூஜாவை வெளியில் எடுத்து வைத்தேன். கிழவி கையை நீட்டவில்லை. முதலில் பூப் பூவாக முழுவதையும் கண்ணால் சுற்றிப் பார்த்தா. பிறகு மூடியைத் திறந்து மணந்தா. வெடிப்பை நகத்தால் தடவி நாக்கால் "ச்சு" கொட்டினா. எந்த மடையன் ஹீற்றருக்கு மேல் வைத்தது என்று கேட்டா. உன் பெயரைச் சொல்லிவிட்டேன். கோபிக்காதே.

தராசை எடுத்து மேசையில் வைத்து, காப்பை ஒரு நிமிடம் கழற்றித் தரச் சொல்லு என்று பேத்தியிடம் சொன்னேன். கிழவிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திக்கொண்டா. சவுக்காரம் போட்டுத்தான் ஏற்றினதாம், இனிச் சாகும் வரை கழற்றுகிற யோசனை இல்லையாம். நான் தராசை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். காப்பு எத்தனை கிராம், பட்டு எத்தனை, ஹீற்றர் குடித்த ஈரம் எத்தனை என்று எனக்குத் தெரியாது. நீ சொன்னதுதான் கணக்கு.

இப்போது வியாபாரத்துக்கு வருகிறேன். தாயின் சாமானை மகனிடம் வாங்கியிருக்கிறேன். ஏலத்தில் அதற்குக் கையெழுத்து வைத்தால் அது பொய்க் கையெழுத்து. எனக்கு அது வேண்டாம். சும்மா கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், கிழவி அதற்கு ஒத்துவரவில்லை. சும்மா வாங்கினால் மகன் வந்து கேட்பானாம், ரசீதோடு வாங்கினால் வாயைத் திறக்க மாட்டானாம். நான் இரண்டாயிரம் என்றேன். அவ நூறு என்றா. உங்கள் மகனுக்குக் காசு கொடுத்தவன் நான் என்றேன். அப்படியென்றால் அவனிடம் போய் விலையைக் கேள் என்றா. ஒன்றேகால் மணித்தியாலம். நடுவில் இரண்டு தரம் தேத்தண்ணி. பேத்தி மொழிபெயர்த்துக் களைத்துப்போய் விரலால் எண்ணைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டாள். முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு ஆளிடம் நான் அகப்படவில்லை.

அடுத்த வெள்ளி வானில் வா. ஜஸ்ரினிடம் உன் இருக்கைக்குச் சொல்லியாயிற்று. அவன் பிளாசாவில் நிற்க மாட்டான், நேரே எங்கள் வாசலில்தான் இறக்குவான். அண்ணிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவ உன்னோடு தனியாகச் சண்டை பிடிக்க இருக்கிறா.

உன் நலம் விரும்பும் அண்ணன்,
தியாகலிங்கம்

சாட்சிக்கு உன்னிடமும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று பேசி முடித்ததைக் கீழே எழுதுகிறேன்.

செவ்வரக்குக் கூஜா ஒன்று, மூடியோடு, வெடிப்பு இரண்டோடு, திருமதி லோவுக்கு. விலை அறுநூறு டொலர். மாதம் நூறாக ஆறு மாதம். முதல் நூறு கையில் கிடைத்தது. மிச்சத்தை ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அவவே கடைக்கு வந்து தருவா, பேத்தியிடம் கொடுத்துவிட மாட்டா. கூட்டிக்கொண்டு வந்து திருப்பிக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. கடையில் கைபிடி வைத்த கதிரை ஒன்று அவவுக்கென்று வாசலோரம் இருக்கும். ஆறு மாதம் முடியும் வரை அதை விற்கக் கூடாது.